கயிறு பிடிப்பவர் மேலே இருக்கிறார்

தூத்துக்குடிக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். அவர் கையில் நான்காக மடித்த பத்து ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது. "அண்ணே, பனிமய மாதா கோயிலுக்குப் போறீங்களாமே. எம் மகனுக்காக ஒரு மெழுகுதிரி ஏத்தி வையுங்க. படிப்பை முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. வேலை கிடைக்குமோ கிடைக்காதோ... எதற்கும் இருக்கட்டும்" என்றார்.

எதற்கும் இருக்கட்டும்! அந்த இரண்டு சொற்களும் முத்துநகர் விரைவு வண்டியில் இரவு முழுவதும் நம்முடனேயே பயணம் செய்தன. அந்தத் தாயைக் குறைகூற நமக்கு வாயில்லை. நம் இல்லத்திலும் அன்றாடம் செபமாலை சொல்லப்படுகிறது. பத்து மணிகளை எண்ணும் விரலுக்கும், கடிகாரத்தைப் பார்க்கும் கண்ணுக்கும் நடுவில் மன்றாட்டுகள் வரிசையாக ஒப்புவிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மறுநாளே நிறைவேறிவிட்டால், முதலில் திடுக்கிட்டு எழுகிறவர் நாமாகத்தான் இருப்போம். கேட்கிறோம்; ஆனால் கிடைக்கும் என்று எதிர்பார்த்தா கேட்கிறோம்? இந்தக் கேள்வியோடுதான் விடியற்காலையில் தூத்துக்குடி நிலையத்தில் இறங்கினோம்.

பனி காணாத ஊரில் பனிமாதா

ஊரின் காற்றிலேயே உப்பு இருக்கிறது. திருச்செந்தூர் செல்லும் சாலையில் சற்றுத் தொலைவு போனால், உப்பளங்களில் வெண்குவியல்கள் வெயிலில் மின்னுவதைக் காணலாம். இவ்வூர் மக்கள் தம் மண்ணில் பனியென்று காட்டக்கூடியது அது ஒன்றே. ஆயினும் இங்கு ஆட்சி செய்யும் அன்னைக்குப் பெயர் பனிமய மாதா! பழைய தலைமுறையினர் போர்த்துக்கேய வழக்கப்படி 'தஸ்நேவிஸ் மாதா' என்பர்.

இப்பெயர் உரோமை நகரிலிருந்து வந்தது. மக்கட்பேறற்ற தம்பதியர் இருவர் தம் சொத்தை எவ்வாறு பயன்படுத்துவது எனத் தேவதாயிடம் மன்றாட, கொடுங்கோடையாகிய ஆகஸ்டு 5-ஆம் நாள் எஸ்குவிலின் குன்றின்மேல் பனி பெய்து கோயில் எழுப்ப வேண்டிய இடத்தைக் காட்டியது என்பது மரபு. கோடையில் பனியை எவர் எதிர்பார்ப்பார்? எதிர்பார்த்தவர்க்கு அது கிடைத்தது என்பதையே அம்மரபு நமக்கு நினைவூட்டுகின்றது.

அன்னையின் திருச்சுரூபம் 1555-ஆம் ஆண்டு மணிலாவிலிருந்து கப்பலில் இவ்வூருக்கு வந்து சேர்ந்தது என்று பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். நாம் இன்று காணும் கோயிலுக்கு 1712-இல் அடிக்கல் இடப்பட்டது. 1713 ஆகஸ்டு 5-ஆம் நாள் அது அர்ச்சிக்கப்பட்டது. 1982-இல் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் இதனைப் பசிலிக்காப் பேராலயமாக உயர்த்தினார். சிறப்பு ஆண்டுகளில் பொன் தேர் பவனி நடைபெறும்போது, சாதி சமய வேறுபாடின்றி ஊர் முழுவதும் வீதியில் நிற்கும்.

நாம் சென்றது திருவிழா நாளன்று. சாதாரண வாரநாள், காலைத் திருப்பலி முடிந்த நேரம். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் பெண்ணொருவர் உள்ளே வந்தார். முழந்தாளிட்டார். உதடுகள் அசைந்தன, கை ஏதோ கணக்குச் சொல்வது போல் இருமுறை நீண்டது. அடுத்த வீட்டு அக்காளிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போகிறவர் போல் எழுந்தார். கூடை மீண்டும் தலைக்கு ஏறியது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது என்னும் நிம்மதி அவர் நடையில் இருந்தது. அவர் அங்கிருந்தது இரண்டு நிமிடங்களே. நம் அரைமணிச் செபத்தில் இல்லாதது ஏதோ அதில் இருந்ததை உணர்ந்தோம்.

ஒரு கடிதம்

இக்கடற்கரையின் பரதகுல மக்கள் 1535-ஆம் ஆண்டை அடுத்து ஞானஸ்நானம் பெற்றனர். ஆயினும் அவர்களுக்குச் செபிக்கக் கற்றுக்கொடுப்பார் இல்லை. 1542 அக்டோபரில் புனித பிரான்சிஸ்கு சவேரியார் இங்கு வந்தார். அவர் தமிழறியார். மொழி தெரிந்த சிலரைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். நோயுற்றோர் வீடுகளிலிருந்து அழைப்பு வரும்போது, தாம் செல்ல இயலாத இடங்களுக்கு அச்சிறுவர்களையே அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல, அவ்விசுவாசத்தினால் பலர் நலமடைந்தனர் என 1544 சனவரியில் அவரே எழுதியிருக்கிறார்.

அதற்கும் முன்பு, 1542 அக்டோபர் 28-ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வழியில் ஓர் ஊரில் பெண்ணொருத்தி மூன்று நாளாகப் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். வீட்டார் நம்பிக்கை இழந்துவிட்டனர். அவ்வூரார் கிறிஸ்தவர் அல்லர். சவேரியார் அவ்வீட்டினுள் சென்றார். தாம் அந்நிய நாட்டில் நிற்கிறோம் என்பதையே மறந்து, மண்ணுலகு முழுவதும் ஆண்டவருடையதே என்னும் துணிவுடன் அவருடைய திருநாமத்தைக் கூவி அழைத்தார். உடன் வந்தவர் மொழிபெயர்க்க, அப்பெண் விசுவசித்தாள், ஞானஸ்நானம் பெற்றாள், சுகமே குழந்தையைப் பெற்றெடுத்தாள். அக்குடும்பமே திருமறையைத் தழுவியது.

அவ்வீட்டு வாசலில் நாம் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என எண்ணிப் பார்த்தோம். "முயன்று பார்ப்போம், எதற்கும் இருக்கட்டும்" என்றுதான் மெல்ல முணுமுணுத்திருப்போம். சவேரியாரோ தமக்குச் செவிசாய்ப்பவர் அருகிலேயே இருக்கிறார் என்று அறிந்தவராகப் பேசினார்.

முத்துக்குளித்த முதியவர்

பேராலயத்திலிருந்து வடக்கே திரேஸ்புரம் கடற்கரைக்குச் சென்றோம். நாட்டுப் படகுகள் கரையேறியிருந்தன. சங்கு குளிப்போர் காற்றுக் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தனர். இக்காலத்தில் அவர்கள் அக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் இறங்குகின்றனர். படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். வயது எண்பத்தைந்து. 1961-இல் அவர் இருபது வயது இளைஞர். மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டுதான் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதில் அவரும் குளித்தார்.

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளை இப்பகுதியினர் 'பார்' என்பர். சங்க காலக் கொற்கையின் புகழுக்குக் காரணமான அதே முத்து. ஆனால் அது ஆண்டுதோறும் விளைவதன்று. 1926 முதல் 1928 வரை முத்துக்குளிப்பு நடந்தது. பின்னர் 27 ஆண்டுகள் ஒன்றுமில்லை. 1955-இல் மீண்டும் தொடங்கி 1961 வரை நடந்தது. அதன்பின் இன்றளவும் இல்லை. விளைவில்லாத காலங்களிலும் பார்களைச் சோதித்துப் பார்க்கும் பணி நின்றுவிடவில்லை. கடலடியில் என்ன வளர்கிறது என்று இறங்கிப் பார்ப்பவருக்கே விளைந்த பருவம் தெரியவரும் அன்றோ!

குளிக்கும் முறையைப் பெரியவர் கையசைத்து விளக்கினார். கயிறு இரண்டு. ஒன்றில் கனத்த கல். அதன்மேல் காலூன்றி மூச்சடக்கினால், கல் குளிப்பவரை நேரே அடிக்குக் கொண்டு சேர்க்கும். உடனே கல்லை மேலே இழுத்துக்கொள்வர். மற்றொரு கயிறு சிப்பி அள்ளும் பைக்கு. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் அள்ளியதை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைக்கவேண்டும். மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். அவ்வாறு கயிறு பிடிப்பவர் மைத்துனராகவே இருப்பார் என்பது இக்கடற்கரையின் பழைய வழக்கு. தன் உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவன் அல்லவா அவன்! நம் பெரியவருக்கும் மனைவியின் அண்ணனே கயிறு பிடித்தார்.

"கயிற்றை அசைத்த பிறகு, இழுப்பாரோ மாட்டாரோ என்று பயம் இராதா, ஐயா?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "அப்படி நினைக்கிறவன் இறங்கவே மாட்டான், தம்பி. மச்சான் மேல இருக்கானா இல்லையான்னு பாக்கிறதுக்கா கயித்தை அசைப்பாங்க? அவன் இருக்கான். அதனாலதான் நான் கீழ இருக்கேன்."

"நல்ல முத்து கிடைத்ததா?"

"முத்து இல்லாத சிப்பிதான் அதிகம். அது கடல் பாடு. ஆனா நான் கயித்தை அசைச்சு, அவன் இழுக்காத நாள் ஒண்ணுகூட இல்ல."

ஏலமும் மந்திரமும்

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். முத்துக்குளிப்புக் காலத்தில் கரையில் இன்னொரு வகையான எதிர்பார்ப்பும் இருந்தது. திறக்கப்படாத சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா என எவருக்கும் தெரியாது. வாங்கியவர்களுள் செல்வரானோரும் உண்டு. கைப்பொருளை இழந்தோரும் உண்டு. அது அதிர்ஷ்டத்தை நம்பிய எதிர்பார்ப்பு. மற்றொன்று மந்திரம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, கொடிய மீன்களைக் கட்டிவைக்கும் மந்திரக்காரருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாகக் குறித்திருக்கிறார். சொல்லைச் சரியாகச் சொன்னால் பலன் வந்தே தீரவேண்டும் என்பது அந்த எதிர்பார்ப்பு.

நம் செபம் சில வேளைகளில் ஏலமாகிவிடுகிறது. விழுந்தால் விழட்டும் என்று ஒரு காசைப் போட்டுப் பார்க்கிறோம். சில வேளைகளில் மந்திரமாகிவிடுகிறது. ஒன்பது நாள் தவறாமல் சொல்லிவிட்டேன், இனிக் கொடுத்தாக வேண்டும் என்கிறோம். இரண்டிலும் பொருள்மீது கண் இருக்கிறது. தருபவர்மீது கண் இல்லை. விசுவாசமுள்ள செபம் குளிப்பவர் கயிற்றை அசைப்பதைப் போன்றது. அவருக்குச் சிப்பியைப் பற்றிய உறுதி இல்லை. கயிற்றின் மறுமுனையில் இருக்கும் கையைப் பற்றிய உறுதி உண்டு.

நமதாண்டவர், செபத்தில் கேட்பதைப் பெற்றுக்கொண்டோம் என்றே விசுவசியுங்கள் எனக் கற்பித்தார் (மாற்கு 11). அப்போதனையைத் தொடங்கும்போது அவர் முதலில் சொன்னது, கடவுளில் விசுவாசம் கொள்ளுங்கள் என்பதாகும். யாகப்பர் தம் திருமுகத்தில், ஐயத்துடன் கேட்பவனைக் காற்றால் அலைக்கழிக்கப்படும் கடலலைக்கு ஒப்பிடுகிறார். திரேஸ்புரம் கரையில் நின்று அலைகளைப் பார்த்தபோது அவ்வுவமையின் உண்மை விளங்கிற்று. எத்தனை முறை கரைக்கு வந்தாலும் எங்கும் நில்லாமல் திரும்புவது அலை. நம் மன்றாட்டும் அப்படித்தானே?

திருச்சபையின் தொடக்க நாட்களிலும் இக்குறை இருந்தது என்பது நமக்கு ஓர் ஆறுதல். புனித இராயப்பர் சிறையிலிருந்தபோது விசுவாசிகள் ஒரு வீட்டில் கூடி அவருக்காக ஊக்கமாய் மன்றாடினர். தூதர் அவரை விடுவிக்க, அவர் அவ்வீட்டுக் கதவையே வந்து தட்டினார். ரோதி என்னும் பணிப்பெண் மகிழ்ச்சி மிகுதியில் கதவைத் திறக்கவும் மறந்து ஓடிச்சென்று சொன்னபோது, செபித்துக்கொண்டிருந்தவர்களே அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றனர் (அப். பணி 12). கேட்ட வரம் வாசலில் நின்று தட்டுகிறது, கேட்டவரோ நம்பவில்லை! எலியாஸ் இறைவாக்கினர் வேறுவிதமாகச் செய்தார். மழைக்காகக் கர்மேல் மலையில் மன்றாடிவிட்டு, கடல்பக்கம் பார்த்து வரும்படி ஊழியனை ஏழு முறை அனுப்பினார். ஆறு முறை ஒன்றுமில்லை. ஏழாம் முறை, உள்ளங்கை அளவு மேகம். செபித்த பின் கடலைப் பார்க்க ஆள் அனுப்புவதுதான் எதிர்பார்ப்பு.

கயிறு இழுக்கப்படாதபோது

வாசகர் ஒருவர் கேட்கக்கூடும்: "எதிர்பார்த்து மன்றாடியும் கிடைக்கவில்லையே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?" இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுத நமக்கு மனமில்லை, கடற்கரையில் நின்றுகொண்டு எழுத எவராலும் இயலாது. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரிக் கடற்கரைக் குடும்பங்கள் எத்தனை எத்தனை நாட்கள் கடலைப் பார்த்தபடி செபமாலை சொல்லின! திரும்பி வந்தவரும் உண்டு; வராதவரும் உண்டு. வராதவரின் இல்லத்தில் விசுவாசம் குறைந்திருந்தது என்று சொல்லத் துணிபவர் எவர்?

நாமும் தயங்கித் தயங்கியே பெரியவரைக் கேட்டோம்: "கயிறு பிடித்த மைத்துனர் இருக்கிறாரா, ஐயா?"

வலையிலிருந்த கை நின்றது. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவு வள்ளத்தில் மீன்பிடிக்கச் சென்ற மைத்துனர் திரும்பவில்லை. "மூணு ராத்திரி இந்தக் கரையில முழங்காலிலதான் நின்னேன். எம் பொண்டாட்டியும் பக்கத்தில. மாதாவே, அவனைக் கொண்டாந்து விடுன்னு கேட்டோம். வரல்ல." சிறிது நேரம் மௌனம். "என்னை எத்தனை தடவை மேல எடுத்தான்! அவனுக்குக் கயிறு பிடிக்க நான் இல்லாமப் போனேனேன்னு ஆறு மாசம் கோயிலுக்கே போகல்ல. அப்புறம் ஒருநாள் தோணிச்சு. நான் இல்லேன்னா அவனுக்கு ஆளே இல்லையா? அவன் கயித்தைப் பிடிக்கிறவர் மேலதான இருக்காரு. இங்க இழுக்காம அங்க இழுத்துக்கிட்டாரு. அன்னைக்கிருந்து திரும்பவும் போறேன்."

நம்மிடம் மறுமொழி இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் நமதாண்டவர் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று மன்றாடினார். அது அகலவில்லை. ஆயினும், சாவினின்று காப்பாற்ற வல்லவரை நோக்கி அவர் கண்ணீரோடு மன்றாடியது கேட்கப்பட்டது என எபிரேயர் திருமுகம் சொல்கிறது. சிலுவைக்கு முன் கேட்கப்படாதது போலிருந்த செபம், கல்லறைக்குப் பின் கேட்கப்பட்டது. கயிறு இழுக்கப்பட்டது, மூன்றாம் நாள் இழுக்கப்பட்டது. இது துயரத்தை அகற்றிவிடும் விளக்கமன்று. அந்தப் பெரியவரின் குரலில் இன்னமும் துயரம் இருந்தது. ஆனால் கயிற்றை அவர் விட்டுவிடவில்லை.

இல்லம் திரும்பி

மாலையில் மீண்டும் பேராலயம் சென்றோம். அந்தத் தாயின் பத்து ரூபாய்க்கு மெழுகுதிரி வாங்கி ஏற்றினோம். இம்முறை "எதற்கும் இருக்கட்டும்" என்று சொல்ல நா எழவில்லை. அன்னையின் திருமுன் அவ்விளைஞனின் பெயரைச் சொன்னோம். அவன் படித்த படிப்பைச் சொன்னோம். அவன் தாயின் கண்ணீரைச் சொன்னோம். மீன் கூடைப் பெண்ணைப் போல, சொல்லியாகிவிட்டது என்று எழுந்தோம்.

அன்புள்ள வாசகரே, நம் குடும்பச் செபத்தில் மூன்றை மட்டும் கடைப்பிடித்துப் பார்ப்போம். முதலாவது, பொதுவாக எல்லாவற்றையும் கேளாமல், பெயர் சொல்லி ஒன்றைக் கேட்போம். இரண்டாவது, கேட்டபின் எலியாஸைப் போலக் கடலைப் பார்ப்போம், அடுத்த நாள் மாலை, "நேற்றுக் கேட்டது என்னவாயிற்று?" என்று பிள்ளைகளும் பெரியோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். மேகம் உள்ளங்கை அளவே ஆனாலும் நன்றி சொல்வோம். மூன்றாவது, ஒன்றும் கேட்கவேண்டியிராத நாட்களிலும் செபிப்போம். மைத்துனனின் கையைக் கரையில் அறிந்திருந்ததால்தான் குளிப்பவன் கடலடியில் அதை நம்பினான்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயிடம் பெரியவரைப் பற்றிச் சொன்னோம். "அப்போ வேலை கிடைச்சிருமா, அண்ணே?" என்றார். நாம் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க நாம் யார்? "கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று, அம்மா. இனி அவர் தருவதைப் பெற நாம் ஆயத்தமாய் இருப்போம்" என்றோம்.

இரண்டு நாள் கழித்து அவர் இல்லத்துக்குப் போயிருந்தோம். திரு இருதய ஆண்டவரின் படத்துக்குக் கீழே மகனின் சான்றிதழ்கள் ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்து ஆணியில், தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை ஒன்று தொங்கியது. "எந்த நேரமும் கூப்பிடுவாங்க, அண்ணே" என்றார் அந்தத் தாய்.

இதை எழுதும் நாள்வரை அழைப்பு வரவில்லை. சட்டை தொங்கிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒருமுறை அதை எடுத்து மீண்டும் தேய்த்து வைக்கிறாராம்.

மரியே வாழ்க!